யானையைக் காணாதவன் செய்த யானை

யவனக் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலம். பவளத்துறையில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், அந்துவனை மட்டும் ஏமாற்ற முடியாது என்று பேசிக்கொள்வார்கள்.

யவனர் இறக்கும் சரக்கைப் பார்த்து மதிப்புச் சொல்வதுதான் அவன் வேலை. மதுச்சாடியை நகத்தால் தட்டியே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். வெண்கல விளக்குகள் வந்து இறங்கினால் அவனுக்குத் தனிக் கொண்டாட்டம்.

நம் ஊர் அகல் திறந்து கிடக்கும். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். யவன விளக்கு அப்படியில்லை. அது ஏதாவது ஒரு விலங்காக இருக்கும். வாத்து, சிறுத்தை, ஓங்கில் மீன், குதிரைத் தலை. முதுகில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து ஊற்றினால் எண்ணெய் வயிற்றில் போய் நிற்கும். திரி வாய் வழியாக வெளியே வரும். ஏற்றிவிட்டால் வாத்து நெருப்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஒரு விளக்கின் மூக்கு நுனியில் ஓர் எலி உட்கார்ந்து திரியைக் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எலிக்காகவே அதை வாங்க ஆட்கள் அடித்துக்கொண்டார்கள்.

எலியின் வால் ஒட்டுப்போட்டது என்று அந்துவன் சொல்லிவிட்டான். வாங்க வந்தவர் முகம் தொங்கிப்போயிற்று. விற்க வந்தவன் பல்லைக் கடித்தான். அந்துவனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அப்படி இருந்த மனிதன், மனைவி மருதி போன பிறகு ஆளே மாறிப்போனான்.

காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் எங்கே போறேன்?” என்று கேட்டாள். வெளியூருக்கு வழி கேட்பது மாதிரிதான் கேட்டாள். கண்ணில் பயம் இருந்தது.

அந்துவன் சொன்னான். தோணி மாதிரி ஒன்று வரும், ஏறிக்கொள், ஆடாது. அக்கரையில் வெள்ளை மணல். உன் அம்மா அங்கே நின்றுகொண்டிருப்பாள். பயப்படாதே.

மருதி பயப்படாமல் போய்ச் சேர்ந்தாள். பயம் அந்துவனிடம் தங்கிவிட்டது. ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அவன் பார்க்காத ஒன்றுக்கு உத்தரவாதம் சொன்னான். அதையும் அவளிடம் சொன்னான். அங்கே தோணியும் இல்லை, மணலும் இல்லை, அம்மாவும் இல்லை என்றால் அவள் என்ன செய்வாள்? யாரைக் கேட்பாள்?

இதை அவன் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஊருக்கு வெளியே பாறைமேல் இருந்த பள்ளிக்குப் போய்விட்டான்.

பள்ளி என்றால் துறவிகள் தங்கும் குகை. கல்லில் வெட்டிய படுக்கைகள், மழைநீர் நிற்கும் ஒரு சுனை, அவ்வளவுதான். அங்கே ஆசானாக இருந்தவர் ஒரு பெண். குரத்தியார் என்று அழைப்பார்கள். அந்துவனின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார், அதற்குமேல் சொல்ல முடியாது. முதல் நாள் அந்துவன் அவரையும் மேலும் கீழும் பார்த்து மதிப்புப் போட்டான். பழுது ஒன்றும் அகப்படவில்லை. அதனால் கும்பிட்டான்.

அந்தப் பள்ளியில் விளக்கு ஏற்ற மாட்டார்கள். விட்டில் பூச்சி வந்து விழுந்து சாகும் என்பதால். பொழுது இருக்கும்போதே உண்டு முடித்துவிட்டு, இருட்டியதும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். காலமெல்லாம் விளக்குக்கு மதிப்புச் சொன்னவன் விளக்கே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று துறையில் சிரித்தார்கள்.

குரத்தியார் அக்கரையைப் பற்றிச் சொல்வார். அழுகையும் பயமும் தீர்ந்துபோன கரை. மறுபடி பிறந்து மறுபடி சாக வேண்டாத கரை. அவர் சொல்லச் சொல்ல அந்துவனுக்கு நெஞ்சு இளகும். வெள்ளை மணலைப் பற்றி எப்போது சொல்வார் என்று காத்திருப்பான். அவர் மணலைப் பற்றிச் சொல்லவே இல்லை.

ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“அடிகளே, அக்கரையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?”

குரத்தியார் மயிற்பீலியால் எறும்புகளை நோகாமல் ஒதுக்கி, உட்கார இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றார்.

அந்துவன் தனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தான்.

“உங்கள் ஆசான் பார்த்திருப்பார்.”

“நானும் அவரிடம் கேட்டேன். இல்லை என்றார்.”

“அவருடைய ஆசான்?”

“அது தெரியாது. என் ஆசான் அவரிடம் கேட்கவில்லை போலிருக்கிறது.”

அந்துவன் விடவில்லை.

“பார்க்காததை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?”

“எனக்குச் சொல்லித் தந்தபடி.”

“அதில் தப்பு இருந்தால்?”

“இருக்கும்” என்றார் குரத்தியார். ஒதுக்கிய எறும்பு ஒன்று திரும்பி வந்தது. அதற்கு வழி விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்துவனுக்குக் கோபம் தலைக்கேறியது. “துறையில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? பார்க்காத சரக்குக்கு விலை பேசுவது. அப்படிப்பட்ட ஆளை நாங்கள் கரையில் நிற்க விடமாட்டோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது தன்மேலும் விழுகிறது என்று அவனுக்கு உறைத்தது. அது அவன் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

“மேற்கே கரடிமலையில் ஓர் ஆசான் இருக்கிறார். தானே கண்டதாகச் சொல்கிறாராம். இன்று உச்சி சாய்ந்ததும் உப்பு வண்டிகள் அந்தப் பக்கம் கிளம்புகின்றன. நான் போகிறேன்.”

“போய் வாருங்கள். அவர் கண்டிருக்கவும் கூடும்.”

இப்படிச் சுலபமாக விடை கொடுப்பார் என்று அந்துவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவையாவது இருக்கச் சொல்லக் கூடாதா? உள்ளே போய்த் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தான்.

“அந்துவரே, துறை வழியாகத்தானே போவீர்கள்?”

“ஆமாம்.”

“ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முந்தாநாள் ஒரு யவனர் பள்ளிக்கு என்று ஒரு விளக்கைக் கொண்டுவந்தார். நாங்கள் ஏற்றுவதில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நான் வாங்கக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வைத்துவிட்டு ஓடிவிட்டார். மாருக்கன் என்று கேட்டால் பண்டசாலையில் காட்டுவார்களாம்.”

கல்படுக்கையின் ஓரத்திலிருந்து ஒரு துணிச்சுற்றை எடுத்துக் கொடுத்தார். அந்துவன் பிரித்துப் பார்த்தான்.

பார்த்தவன் சிரித்துவிட்டான். மருதி போன பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கோபத்தில் கிளம்புகிற மனிதன் இப்படிச் சிரித்தால் எப்படி? அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

“என்ன?” என்று குரத்தியார் ஆவலாக எட்டிப் பார்த்தார்.

“யானை!”

“யானையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஏதோ சங்கடமாக இருந்தது.”

“சங்கடமா! காதைப் பாருங்கள். வெற்றிலை அளவுதான் இருக்கிறது, அதிலும் சிப்பி மாதிரி வரிவரியாக. தந்தம் கீழ்த்தாடையிலிருந்து மேலே போகிறது, காட்டுப்பன்றிக்குப் போவது மாதிரி. பின்னங்கால் நாய்க்கு மடங்குவது போல மடங்குகிறது. இது குளம்பு, அடிகளே! யானைக்குக் குளம்பு! பிளந்த குளம்பு! வாலில் சிங்கத்துக்குப் போல ஒரு குஞ்சம். தும்பிக்கை வேறு நுனியில் ஊதுகொம்பாக விரிந்து போகிறது. அங்கேதான் திரி போட வேண்டும்.”

அந்துவன் விளக்கை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரலால் ஒவ்வொரு பழுதாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். பழைய உற்சாகம் வந்துவிட்டது.

“செய்தவனுக்குக் கைத்திறமை இருக்கிறது. வார்ப்பு சுத்தம். எங்கேயும் ஒட்டு இல்லை. ஆனால் யானையைக் கண்ணால் காணாதவன்.”

“அப்படியானால் இது யானை இல்லையா?”

“யானைதான். ஆனால் தப்பான யானை.”

“தப்பான யானை” என்று குரத்தியார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போன மாதிரி இருந்தது. “அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்” என்றார்.

அந்துவன் கும்பிடு போட்டுவிட்டுப் பாறையிறங்கினான்.

பண்டசாலை நிழலில், கவிழ்த்த சாடி ஒன்றின்மேல் மாருக்கன் உட்கார்ந்திருந்தான். அவன் உண்மைப் பெயர் என்னவோ, துறைக்காரர்கள் வாயில் அது மாருக்கன் ஆகிவிட்டது. வெயிலில் மூக்கு தோல் உரிந்திருந்தது. நம் ஊர் வேட்டியை வாங்கி, நம் ஊர்க்காரன் எவனும் கட்டாத விதத்தில் கட்டியிருந்தான். கூட வந்த நம்மவர்களிடம் கப்பலிலேயே தமிழ் பொறுக்கிக்கொண்டவன். பெரியவர், சின்னவர் பார்க்காமல் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வான். துறையில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

துணிச்சுற்றைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அது சாமிக்கு. நான் திரும்ப வாங்க மாட்டேன்.”

“அங்கே விளக்கு ஏத்த மாட்டாங்கப்பா.”

“சாமி இடத்துல விளக்கு இல்லையா? என்ன இடம் அது?”

“அது அப்படித்தான். வேற நல்ல இடமாப் பார்த்துக் கொடு.”

“முடியாது. கடல்ல பெரிய காத்து. செத்தோம்னு நினைச்சேன். அப்போ சொன்னேன், கரை தெரிஞ்சா, முதல்ல எந்தச் சாமி இடம் கண்ணுல படுதோ அங்க, என்கிட்ட இருக்கிற ரொம்ப நல்ல பொருளைக் கொடுத்துடுறேன்னு. கரை தெரிஞ்சுது. அந்தப் பாறை தெரிஞ்சுது.”

“உன்கிட்ட இருக்கிறதுல ரொம்ப நல்ல பொருள் இதுதானா?” அந்துவனின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“ஆமா” என்றான் மாருக்கன். “எங்க அப்பா செஞ்சது.”

அந்துவன் துணியை விலக்கி விளக்கை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு, “உங்க அப்பா யானையைப் பார்த்திருக்காரா?” என்று கேட்டான்.

“எங்க ஊர்ல ஏது யானை? ஒரு மாலுமி வந்தான். மது குடிச்சுக்கிட்டே சொன்னான். அப்பா உக்காந்து கேட்டுட்டு வந்து செஞ்சார். நான் சின்னப் பையன். அப்பாகிட்ட கேட்டேன், நிஜமா இப்படி ஒண்ணு இருக்கா? அப்பா சொன்னார், தெரியாது, நான் பார்த்ததில்ல, இருக்குன்னு சொல்றாங்க.”

காலையில் கேட்ட அதே பேச்சு. அந்துவனுக்குச் சுருக்கென்றது.

“அப்புறம்?”

“ஊரே சிரிச்சுது. மூக்கு எப்படிக் கையா இருக்கும்? எங்க அப்பனைப் பொய்க்காரன்னாங்க. யாரும் வாங்கல. அதனால எங்க வீட்டுலயே தொங்குச்சு. தினமும் நான்தான் எண்ணெய் ஊத்துவேன்.” துணிக்கு வெளியே தெரிந்த வெண்கல முதுகை அவன் விரல் தானாகத் தடவியது. “அப்பா செத்துட்டார். பொய்க்காரனாவே செத்துட்டார்.”

“அதுக்காகவா கப்பல் ஏறின?”

“பார்க்கணும்ல?”

சாடியிலிருந்து எழுந்து கிட்டத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“சரக்கு இறக்குற வேலை முடியல. பாறைக்குப் போய்வர மட்டும்தான் விட்டாங்க. கப்பல்ல கேட்டா, ஓ, இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த மாலுமியும் அப்படித்தான் சொன்னான். நீ சொல்லு. இருக்கா?”

“சொன்னா நம்புவியா?”

மாருக்கன் யோசித்தான். “மாட்டேன்” என்றான்.

“அப்போ வா, காட்டுறேன்.”

அந்துவன் நல்ல எண்ணத்தில் கூட்டிக்கொண்டு போகவில்லை. காலையிலிருந்து அவனுக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. காணாதவன் பேச்சை நம்பினால் என்ன ஆகும் என்று இன்னொருவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தது. நிஜ யானையின் முன்னால் இவனை நிறுத்தி, விளக்கையும் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு பழுதாகக் காட்ட வேண்டும். அப்போது இவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஐம்பது வயது தாண்டிய, துறவிகளோடு இருந்த மனிதனுக்கு வரக்கூடிய ஆசையா இது? வந்துவிட்டதே, என்ன செய்ய?

ஆற்றங்கரைப் பாதையில் உப்பு வண்டிகள் வரிசைகட்டி நின்றன. மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வண்டியில் இருந்த பெண் அந்துவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

“பெரியவரே! கரடிமலைக்கு வர்றேன்னீங்களே, ஏறுங்க! கிளம்பப் போறோம்.”

“இதோ, ஒரு வேலை. வந்துட்டேன்.”

“சீக்கிரம் வாங்க. உங்களுக்காக வெயில் நிக்காது.”

வளைவு தாண்டினால் மரக்கலம் கட்டும் இடம். மலையிலிருந்து வந்த தேக்குமரங்களை ஆள் உயரத்துக்கும் மேலாக அடுக்கியிருந்தார்கள். அடுக்குக்கு அந்தப் பக்கம்தான் யானை வேலை செய்யும். அடுக்கைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போனால் காது, தந்தம், கால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் என்று அந்துவன் கணக்குப் போட்டான். முதலில் காது. பிறகு குளம்பு. முழங்காலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மாருக்கன் நின்றுவிட்டான்.

அந்துவன் திரும்பிப் பார்த்தான். மர அடுக்குக்கு மேலே, அந்தப் பக்கத்தில், ஒரு முதுகு நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. முதுகு மட்டும்தான். தலை கீழே தாழ்ந்திருந்ததால் தெரியவில்லை, தும்பிக்கையும் தெரியவில்லை. பாகன்கூட அப்போது மேலே இல்லை. காய்ந்த சேறு பூசிய சாம்பல் நிற முதுகு, வளைந்து, ஓர் அவசரமும் இல்லாமல் போயிற்று.

மாருக்கன் அந்துவனின் கையைப் பிடித்தான். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும்போல் வலித்தது. தன் பாஷையில் ஏதோ ஒரு சொல் சொன்னான். மறுபடியும் அதையே சொன்னான். அந்துவனுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

யானை அடுக்கைச் சுற்றிக்கொண்டு வந்தது. தும்பிக்கையில் ஒரு மரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, யார் இது என்பதுபோலக் காதை ஆட்டியது. மாருக்கன் அதன் முன்னால் போய் நின்றுகொண்டான். மூக்கிலும் தாடியிலும் கண்ணீர் ஓடியது. சிரித்துக்கொண்டும் இருந்தான்.

“யோவ், தள்ளி நில்லுய்யா!” என்று பக்கத்திலிருந்து பாகன் ஓடிவந்தான். “யாரு இந்த ஆளு? எதுக்கு அழுவுறான்?”

“ஒண்ணும் செய்ய மாட்டான். விடு” என்றான் அந்துவன்.

சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அவன் மறக்கவில்லை. ஆனால் குரல் அவன் நினைத்த மாதிரி வரவில்லை.

“காதைப் பாரு. உங்க அப்பா செஞ்சது மாதிரி இல்ல.”

“இல்ல” என்றான் மாருக்கன். கண்ணை யானையிடமிருந்து எடுக்கவில்லை.

“தந்தம்…”

“தப்பு.”

“குளம்பு கிடையாது, பாரு.”

“தப்பு. கால் தப்பு. வால் தப்பு.” மாருக்கனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வானத்தைப் பார்த்துக் கத்தினான். “அப்பா! எல்லாம் தப்பு! எல்லாமே தப்பு!”

இவ்வளவு சந்தோஷமாக ஒருவன் தன் அப்பனைக் குறை சொல்லி அந்துவன் கேட்டதில்லை.

மாருக்கன் விளக்கை வாங்கித் துணியை உருவிவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி யானைக்குக் காட்டினான். யானை தும்பிக்கை நுனியால் அதைத் துழாவியது. பழைய எண்ணெய் வாடை பிடிக்கவில்லையோ என்னவோ, புஸ்ஸென்று ஓர் ஊது ஊதிவிட்டு அடுத்த மரத்தை எடுக்கப் போயிற்று. மாருக்கன் நனைந்த கையை முகத்தில் தேய்த்துக்கொண்டான்.

“எப்படித் தெரிஞ்சுது உனக்கு?” என்று அந்துவன் கேட்டான். “முதுகுதானே தெரிஞ்சுது?”

“முதுகுலதான் மூடி இருக்கு. தினமும் நான்தான் எண்ணெய் ஊத்துவேன்னு சொன்னேன்ல?”

அந்துவன் விளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தான். முதுகில் பழுது இல்லை. அதனால்தான் காலையில் அவன் கண் அங்கே நிற்கவில்லை.

பாதையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. “பெரியவரே, வண்டி கிளம்புது!”

“நீங்க போங்கம்மா” என்றான் அந்துவன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

“வரலியா?”

“இல்ல. போங்க.”

மாட்டு மணிகள் வளைவைத் தாண்டிப் போயின.

விளக்கை அந்துவன் நீட்டினான். மாருக்கன் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“சாமிக்குக் கொடுத்தது. கொண்டு போ.”

“அங்கே ஏத்த மாட்டாங்கன்னு சொன்னேனே.”

“ஏத்தாட்டி என்ன? எனக்கும் இனிமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மாருக்கன் யானையின் பின்னால் போய்விட்டான்.

அந்துவன் பாறை ஏறி வந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. குரத்தியார் சுனையில் தண்ணீர் முகந்து வடிகட்டிக்கொண்டிருந்தார். விளக்கு திரும்பி வந்ததையும், கொண்டுபோனவன் திரும்பி வந்ததையும் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

“உட்காருங்கள். வெயிலில் நடந்திருக்கிறீர்கள்.”

அந்துவன் தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னான். எந்த எண்ணத்தோடு கூட்டிப்போனான் என்பதையும் மறைக்கவில்லை. குரத்தியார் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்கிற குழந்தை மாதிரி கேட்டார்.

“வாலைப் பார்த்தாரா?”

“பார்த்தார். அதுவும் தப்பு என்றார்.”

“சிரித்துக்கொண்டா?”

“அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.”

“யானை என்ன செய்தது?”

“ஊதிவிட்டுப் போய்விட்டது.”

குரத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. விளக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

“கரடிமலைக்கு அடுத்த வண்டி எப்போது?”

“அமாவாசை கழித்து.”

“அப்போதும் போகலாம்.”

“போகலாம்” என்றான் அந்துவன். பிறகு கேட்டான். “அடிகளே, நீங்கள் எனக்குச் சொன்னதில் எது காது, எது குளம்பு?”

“தெரிந்தால் திருத்தியிருக்க மாட்டேனா?”

அந்துவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சத்தில் முகம் தெரியாது. முகம் தெரியாமல் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அந்துவனுக்குத் தோன்றியது.

“என் மனைவி சாகும்போது எங்கே போகிறேன் என்று கேட்டாள். தோணி வரும் என்றேன். வெள்ளை மணல் என்றேன். உன் அம்மா நிற்பாள் என்றேன். பார்த்தவன் மாதிரி சொன்னேன். ஒன்றும் பார்க்கவில்லை.”

குரத்தியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவள் நம்பினாள், அடிகளே. என் சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனாள். காதும் தப்பு, காலும் தப்பு என்றால்…” அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அங்கே போய் நின்றவளுக்கு, இதுதான் அந்த இடம் என்று யார் சொல்லியிருப்பார்கள்?”

குரத்தியார் மடியிலிருந்த யானையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“மாருக்கனுக்கு யார் சொன்னார்கள்?” என்று கேட்டார்.